இன்சர்ட் எடுத்தது அவர், கையெழுத்து போட்டது நான்

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் ஒரு சிஎன்சி பட்டறையில் ஆறு வருடமாக ஸ்டோர்ஸ் உதவியாளராக இருக்கிறேன். கிருஷ்ணகிரி பக்கம் சொந்த ஊர். ஸ்டோர்கீப்பரும் எங்கள் ஊர்க்காரர். இந்த வேலையை வாங்கிக்கொடுத்ததே அந்த அண்ணன்தான். சில மாதங்களாகப் புது கார்பைடு இன்சர்ட் (மெஷினில் உலோகத்தை வெட்டும் சிறு முனை) பெட்டிகளை டிபன் பையில் போட்டு வெளியே கொண்டுபோய் விற்கிறார். மெஷினுக்குக் கொடுத்ததாக இஷ்யூ ஸ்லிப் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்குகிறார். ஒருமுறை என் போனுக்கு 3,000 ரூபாய் அனுப்பினார். மார்ச் 31-க்கு ஸ்டாக் எடுக்கப் போகிறார்கள். முதலாளியிடம் சொன்னால் உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவன் ஆகிவிடுவேன். சொல்லாமல் இருந்தால் நானும் மாட்டுவேனா?

பதில்: மாட்டுவீர்கள். ஆனால் சொல்லாமல் இருந்ததற்காக அல்ல, கையெழுத்துக்காக.

கண்ணில் பட்ட எல்லாக் குற்றத்தையும் போலீசில் சொல்லியே ஆகவேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. கொலை, கொள்ளை மாதிரி சில குற்றங்களுக்குத்தான் அந்தக் கடமை. வேலைக்காரர் முதலாளி பொருளைத் திருடுவது அந்தப் பட்டியலில் இல்லை. அண்ணன் செய்வது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 306-இன் கீழ் வரும். ஸ்டோர்ஸ் அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது என்பதால் நம்பிக்கை மோசடி, பிரிவு 316(4) என்றும் போடுவார்கள். இரண்டுக்கும் ஏழு வருடம் வரை சிறை. நீங்கள் போட்ட ஸ்லிப்புக்கு வேறு பிரிவு இருக்கிறது: 344, ஏமாற்றும் நோக்கத்தோடு கணக்கைத் திரிப்பது. அதற்கும் ஏழு வருடம் வரைதான். நோக்கத்தைப் போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும், சரி. ஆனால் அந்த 3,000 ரூபாய் அவர்கள் வேலையைச் சுலபமாக்கிவிடும்.

ஸ்டாக்கில் தெரியாது என்று அண்ணன் சொல்லியிருப்பார். தெரியும். புது இன்சர்ட் எத்தனை போனதோ, தேய்ந்த பழசு கிட்டத்தட்ட அத்தனை ஸ்கிராப் டப்பாவுக்குத் திரும்ப வரவேண்டும். கார்பைடு ஸ்கிராப்புக்கே நல்ல விலை இருப்பதால் பட்டறைக்காரர்கள் அதை எடை போட்டுத்தான் விற்பார்கள். ஸ்லிப்பையும் அந்த எடையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு மதியம் போதும். அன்றைக்கு முதலில் கூப்பிடுவது ஸ்லிப்பில் பெயர் இருப்பவரை.

அதனால் இன்றே கையெழுத்தை நிறுத்துங்கள். "இனிமேல் என்னால முடியாதுண்ணா" என்று நேரில் சொல்வதில் தப்பில்லை. வேலை வாங்கிக்கொடுத்தவருக்கு அந்த மரியாதை போதும். பழைய ஸ்லிப்பைக் கிழிக்கவோ திருத்தவோ உதவாதீர்கள், அது சாட்சியத்தை அழித்த தனிக் குற்றமாகிவிடும். ரெண்டகம் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதாமாதம் சம்பளம் தருவது அண்ணனா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், ஸ்டாக் எடுப்பதற்கு முன் முதலாளிக்கு எழுத்தில் கொடுங்கள். கண்ணால் பார்த்தது, தேதி, எந்த ஸ்லிப் என்பது மட்டும் போதும். மேலதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு சொல்லும் புகார் அவதூறு ஆகாது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்காதீர்கள்.

சிக்கல் அந்தப் பணத்தில். சத்தமில்லாமல் அண்ணனுக்கே திருப்பி அனுப்பினால் விஷயம் உங்கள் இருவருக்குள்தான் நிற்கும். யுபிஐ பதிவு இரண்டாகும். கடிதத்தில் எழுதினால், தானாக முன்வந்து சொன்ன வார்த்தை உங்களுக்கு எதிராகவும் படிக்கப்படலாம். எழுதாமல் விட்டால் அவர் வாய் திறக்கும் நாளில் உங்கள் கடிதத்தை யாரும் நம்பமாட்டார்கள். எழுதி, தொகையைக் கம்பெனியில் ரசீது வாங்கிக் கட்டுவது நல்லது என்பது என் கருத்து. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் ஒரு வக்கீலிடம் நேரில் காட்டாமல் கொடுக்காதீர்கள். கட்டணம் கஷ்டமென்றால் சித்தையா சாலையில் நியாய தேகுலா கட்டடத்தில் மாநில சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது, 15100-க்கும் கூப்பிடலாம்.

முதலாளி கோபத்தில் வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். "எழுதிக் கொடுத்தா விட்டுடறேன்" என்று ஆசை காட்டியோ மிரட்டியோ வாங்கிய ஒப்புதல் கிரிமினல் கேஸில் செல்லாது. ஆனால் அதை நிரூபிக்கும் பாடு உங்களுடையது. போலீஸ் விசாரணையில் எடுக்கும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடவே கூடாது என்பதுதான் சட்டம். கன்னடத்தில் எழுதினால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால் முதலில் உங்கள் விளக்கத்தைக் கேட்கவேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்த்துச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. பிஎஃப் பணத்தில் கை வைக்க முடியாது. கிராஜுவிட்டி அப்படியில்லை. திருட்டுக்காக வேலையிலிருந்து நீக்கினால் கம்பெனி அதைத் தராமல் மறுக்கலாம், அதற்குக் கோர்ட் தண்டனைகூடத் தேவையில்லை என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் ஆறு வருடக் கிராஜுவிட்டியும் அப்படிப் போகலாம். கடிதத்துக்கு இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.