இரண்டாம் மாடியில் ஒரு கதவு, வெளியே படி இல்லை

கேள்வி: எனக்கு வயது 36. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எனக்கு மூன்று பைத்தியங்கள். சமகாலக் கலை என்று எது கண்ணில் பட்டாலும் விடாமல் தேடிப் படிப்பேன். பாதி புரியாது, புரிந்த மாதிரி தலையாட்டுவேன். ஒன்றுமே நடக்காதது போல மெதுவாக நகரும் படங்களை, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு பார்ப்பேன். மூன்றாவதைச் சொல்லவே கூச்சம். தெருவில் அர்த்தமில்லாமல் நிற்கிற சங்கதிகளைப் போட்டோ எடுப்பேன். செங்கல் வைத்து அடைத்த ஜன்னல், எங்கேயும் போகாத படி, இப்படி. போன வாரம் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடிச் சுவரில் ஒரு கதவைப் பார்த்தேன். வெளியே பால்கனியும் இல்லை, படியும் இல்லை. ஆனால் கதவுக்குப் புதிதாக நீல பெயின்ட் அடித்திருந்தார்கள். போனில் இந்த மாதிரி நாலாயிரம் படம் இருக்கிறது. கணவர், "இதனால் என்ன பயன்?" என்கிறார். (சண்டை போடுகிறவர் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய திருகாணிகளை அளவு பார்த்துப் பாட்டில்களில் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார்.) சென்ற மாதம் தோழிகள் கூடியபோது ஒரு படத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் எல்லோர் கண்ணும் போனில். அன்றிலிருந்து யாரிடமும் வாய் திறப்பதில்லை. இரண்டு மணி வரை படம் பார்த்ததில் ஆபீசில் ஒரு தப்பும் நடந்துவிட்டது. மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உருப்படியாகக் கற்றுக்கொள்ளட்டுமா? இல்லை, மூன்றையுமே விட்டுவிடட்டுமா?

பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவன் அந்த நீலக் கதவில் நின்றுவிட்டேன். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆபீஸ் தப்புக்கு அப்புறம் வருகிறேன், மறக்கவில்லை.

1972ல் கென்பெய் அகாசெகாவா என்ற ஜப்பானியக் கலைஞர் டோக்கியோவில் நண்பர்களோடு நடந்துபோகும்போது ஒரு படிக்கட்டைப் பார்த்தார். ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கும் சின்னப் படிக்கட்டு. மேலே ஏறினால் கதவு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர். ஒரு காலத்தில் வாசல் இருந்திருக்கும், அடைத்துவிட்டார்கள், படி மட்டும் மிஞ்சிவிட்டது. இவ்வளவுதான் என்றால் அவரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அந்தப் படியின் கைப்பிடியில் ஒரு துண்டு உடைந்திருந்தது. அதை யாரோ புது மரம் வைத்துச் சரிசெய்திருந்தார்கள். எங்கேயும் போகாத படிக்குக் கைப்பிடி ரிப்பேர்! அவரை உலுக்கியது அதுதான்.

அதற்குப் பிறகு அவர் இந்த மாதிரி சங்கதிகளைத் தேடி அலைந்தார். 1980களில் அவற்றுக்கு ‘தாமசன்’ என்று பெயர் வைத்தார். கேரி தாமசன் என்ற அமெரிக்க பேஸ்பால் வீரரைப் பெரிய தொகை கொடுத்து ஒரு ஜப்பானிய அணி வாங்கியிருந்தது. அவரோ மட்டையை வீசி வீசிப் பந்தைத் தவறவிட்டுக்கொண்டிருந்தார். பயன் இல்லை, ஆனாலும் பராமரிக்கப்படுகிறது. பெயர்ப் பொருத்தம் அப்படி. (அந்த மனிதரை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.) அகாசெகாவா இதைப் பத்திரிகைத் தொடராக எழுத, வாசகர்களும் தங்கள் ஊரில் பார்த்ததைப் படம் எடுத்து அனுப்பினார்கள். ஆக, உங்கள் கூட்டம் உங்களுக்கு முன்பே புறப்பட்டுவிட்டது. நீலக் கதவு அசல் தாமசன். சந்தேகமே வேண்டாம்.

இப்போது உங்கள் மற்ற இரண்டு பைத்தியங்களையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நீங்கள் மூன்று என்று எண்ணுகிறீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. கதவைப் பார்த்து நீங்கள் கேட்பது ‘யார் இதற்குப் போய் மெனக்கெட்டு பெயின்ட் அடித்தது?’ என்பது. சமகாலக் கலையில் உங்களை இழுப்பதும் அதே கேள்வியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

தெச்சிங் ஷியே என்பவரைப் பற்றிப் படித்திருப்பீர்களோ என்னவோ. தைவானில் பிறந்தவர், நியூயார்க்கில் இருந்தவர். தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்த நேரத்தை அட்டையில் பதிக்கும் கடிகார இயந்திரம் ஒன்றைத் தன் அறையில் மாட்டி வைத்தார். 1980 ஏப்ரலிலிருந்து 1981 ஏப்ரல் வரை, மணிக்கு ஒரு தரம், இரவு பகல் பார்க்காமல், அதில் அட்டையைப் பதித்தார். பதித்த ஒவ்வொரு முறையும் காமிரா அவரை ஒரு பிரேம் எடுத்தது. தொடங்கும்போது மொட்டை அடித்திருந்தார். ஓராண்டையும் ஓட்டிப் பார்த்தால் ஆறு நிமிடம்தான். அந்த ஆறு நிமிடத்தில் தலைமுடி தோள் பக்கம் வளர்ந்துவிடுகிறது. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். அவர் 133 முறை தவறவிட்டார். அதையும் மறைக்கவில்லை: தூங்கிப்போனது 94, தாமதமானது 29, முந்திக்கொண்டது 10 என்று கணக்கு எழுதி வைத்தார். கணக்குப் பிரிவில் இருக்கிறவர் நீங்கள். ஷியேவின் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இந்த வரவு செலவுதான் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும்.

‘மெனக்கெட்டு’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘வினை கெட்டு’ என்பதுதான் பேச்சில் இப்படி ஆனது என்பார்கள். அதாவது பார்க்க வேண்டிய வேலை கெட்டுப்போக, நேரத்தைப் பாழாக்கி என்று பொருள். அதே சொல்லை நாம் ‘எனக்காக மெனக்கெட்டு வந்தாரே’ என்று நெகிழ்ந்தும் சொல்கிறோம். உங்கள் கணவர் கேட்ட கேள்வியும் உங்கள் சந்தோஷமும் இந்த ஒரே சொல்லுக்குள் குடித்தனம் நடத்துகின்றன. அவர் கேட்டது தப்பில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை திருகாணி பிரிக்கிறவர் கேட்கலாமா என்றுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. அவரும் உங்கள் ஜாடைதான். ஒருநாள் அந்தப் பாட்டில்கள் முன்னால் போய் உட்கார்ந்து, எந்தத் திருகாணி எதிலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். கேலியாக வேண்டாம், நிஜமாகவே கேளுங்கள். மனுஷன் இருபது நிமிடம் பேசுவார்.

அந்த இருபது நிமிடம் என்றதும் தோழிகள் விஷயம் ஞாபகம் வருகிறது. இங்கே நான் உங்கள் பக்கம் இல்லை. படத்தை முதலிலிருந்து கடைசிவரை கதையாகச் சொல்லியிருப்பீர்கள். ஒன்றுமே நடக்காத படத்தின் கதையை இருபது நிமிடம் கேட்பது யாருக்கும் சிரமம். நானும் இதில் அடிபட்டவன். என் பைத்தியம் பேனா மூடி. சில பேனா மூடியின் நுனியில் ஒரு துளை இருக்கும், பார்த்திருப்பீர்கள். குழந்தை அதை விழுங்கி மூச்சுக்குழாயில் சிக்கிக்கொண்டால் கொஞ்சமாவது காற்று போய்வரட்டும் என்பதற்காக வைத்தது. கண்ணால் பார்க்கப் போகாத ஒரு குழந்தைக்காக யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு அப்படி ஒரு பரவசம். ஒரு முறை மருத்துவமனை வரவேற்பறையில், பக்கத்தில் குழந்தையோடு காத்திருந்த பெண்ணிடம் இதை விளக்க ஆரம்பித்தேன். அவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார். இடம் பொருள் ஏவல் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு நான் விளக்குவதை நிறுத்திவிட்டேன். மூடியைக் காட்டி, ‘இந்த ஓட்டை எதுக்கு?’ என்று மட்டும் கேட்பேன். மை காயாமல் இருக்க, காயத்தான், நூல் கோக்க என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பதிலைச் சொல்லும்போது கேட்கிற முகங்கள் வேறு மாதிரி இருக்கும். நீங்களும் அடுத்த முறை நீலக் கதவுப் படத்தைப் போனில் எடுத்து நடுவில் வையுங்கள். ‘இது எதுக்கா இருக்கும்?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பேசாமல் இருப்பதுதான் கஷ்டம்.

மெதுவான படங்களுக்கு வருவோம். அவற்றைப் பார்க்கும்போது தூங்கிப்போனால் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி, கடலோரத்தில் ஒரு மரத்துண்டு அலையில் தள்ளாடுவதையும் வாத்துகள் குறுக்கும் நெடுக்கும் போவதையும் நீள நீளமாகக் காட்டி ஒரு படமே எடுத்தார். தன் படத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் கண்ணயர்ந்தால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாத மனிதர் அவர். அவருக்கே ஆட்சேபணை இல்லை, அப்புறம் என்ன? ஆனால் இரண்டு மணி வரை விழித்திருந்து மறுநாள் கணக்கில் தப்பு விட்டது வேறு விஷயம். அதற்குக் கலையைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள். இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் கதை முடிச்சு எதுவும் கிடையாது. பதினொரு மணிக்கு நிறுத்திவிட்டு நாளைக்கு அங்கிருந்தே பார்க்கலாம். மரத்துண்டு எங்கேயும் ஓடிவிடாது.

கலை பாதி புரியாமல் தலையாட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். தலையாட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். ‘இது எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்லிப் பழகினால்தான் பிடித்தது எது என்று தெரியும். நான் செய்வது இதுதான்: முதலில் குறிப்பைப் படிக்காமல் பார்ப்பேன், அப்புறம் குறிப்பைப் படிப்பேன், திரும்ப ஒரு தரம் பார்ப்பேன். ஃபெலிக்ஸ் கோன்சாலஸ்-டோரஸ் 1991ல் செய்த ஒரு படைப்பு, மூலையில் குவித்து வைத்த மிட்டாய். பளபளக்கும் காகிதம் சுற்றிய மிட்டாய், சுமார் 79 கிலோ. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். முதல் பார்வைக்கு விளையாட்டு. எய்ட்ஸ் நோயில் உருக்குலைந்து அதே ஆண்டு இறந்துபோன தன் காதலருடைய உருவப்படமாக அவர் இதைச் செய்தார் என்று படித்துவிட்டுப் பாருங்கள். கையிலிருக்கும் மிட்டாயை என்ன செய்வது என்றே தெரியாது. ஒவ்வொருவரும் எடுக்க எடுக்கக் குவியல் இளைக்கிறது. அப்புறம் யாராவது மெனக்கெட்டு மறுபடி நிரப்புகிறார்கள். இதே முறையில் பார்த்தும் மனசில் ஒட்டாத படைப்புகள் எனக்கு ஏராளம். அவற்றைப் பற்றி எனக்கு வருத்தம் கிடையாது.

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். ஒன்று இன்னொன்றுக்குத் தீனி போடும். பிரெஞ்சு இயக்குநர் ஆன்யெஸ் வர்தா, அறுவடைக்குப் பின் மிஞ்சியதைப் பொறுக்குகிறவர்களைப் பற்றி 2000ல் ஒரு ஆவணப்படம் எடுத்தார். விற்காது என்று வயலில் கொட்டிய உருளைக்கிழங்குகளில் இதய வடிவத்தில் சில இருந்தன. அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தார். சுருங்கி, முளைவிட்டு அவை மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 2003ல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் அந்தக் கிழங்குகளே அவருடைய படைப்பாக வந்து உட்கார்ந்தன. அவரும் கிழங்கு வேஷம் போட்டுக்கொண்டு போனார், அப்போது வயது 75. அவர் தன்னை சினிமாக்காரியா, கலைஞரா, கிழங்கு பொறுக்குகிறவரா என்று பிரித்துக்கொண்டிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

இதைச் சொன்னதும் ‘உங்களுக்கும் ஒருநாள் வெனிஸ் வரும்’ என்று ஆறுதல் சொல்வேன் என்று நினைக்காதீர்கள். வராது. வராமல் இருப்பதே நல்லது. இதைத் தொழிலாக்கு, புத்தகமாக்கு, ஆயிரம் பேர் பார்க்கும்படி போடு என்று யாராவது சொன்னால் கொஞ்சம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். கணக்குப் பார்க்கிற வேலை உங்களுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

நாலாயிரம் படத்துக்கு மட்டும் ஒரு வேலை செய்யலாம். அமெரிக்காவில் ஹாரி ஸ்மித் என்றொரு திரைப்படக் கலைஞர் இருந்தார். நியூயார்க் தெருக்களில் கிடக்கும் காகித விமானங்களைப் பொறுக்குவது அவருக்கு வழக்கம். யாரோ எந்த மாடியிலிருந்தோ விட்ட விமானங்கள். அவற்றின் மேலேயே எந்த நாள், எந்த இடத்தில் கிடைத்தது என்று எழுதி வைத்தார். நீங்களும் நாள், இடம், ஒரு வரிக் குறிப்பு எழுதுங்கள். ‘இரண்டாம் மாடி, கதவு, புது நீலம்’ போதும். குறிப்பு எழுத எதுவும் தோன்றாத படங்களை அழித்துவிடுங்கள். நாலாயிரம் எப்படியும் முந்நூறாகிவிடும். அந்த முந்நூறைப் பார்க்க உங்கள் கணவரும் வருவார் என்று நினைக்கிறேன். பிரித்து வைப்பதில் அவர் கெட்டிக்காரர்.

எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். அந்தப் பக்கம் திரும்பப் போனால் கதவைக் கொஞ்சம் பெரிதாக்கிப் படம் எடுங்கள். கீலில் துரு ஏறியிருக்கிறதா, எண்ணெய் பளபளப்பு தெரிகிறதா? பூட்டு எந்தப் பக்கம்? பெயின்ட் அடித்தவர் உள்ளே நின்று கதவைத் திறந்து வைத்து அடித்தாரா, வெளியே ஏணி போட்டு ஏறினாரா என்பதுதான் என்னை மூன்று நாளாகத் தூங்கவிடாமல் செய்கிறது.