தோட்டத்து மாடு காங்கேயமா, உம்பளாச்சேரியா?

(காங்கேயம், உம்பளாச்சேரி ஆகிய தமிழ்நாட்டு மாட்டினங்களை டி.என்.ஏ. சோதனையில் பிரித்தறிவது பற்றி, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து மாட்டுக்காரர்களும் மாணவர்களும் கேட்டவை)

மாட்டுக்காரர்: ஐயா, தாத்தா காலத்திலிருந்து தோட்டத்தில் வளர்க்கும் எங்கள் மாடு காங்கேயம் என்கிறேன். பக்கத்து லயத்து அண்ணன் உம்பளாச்சேரி என்கிறார். ஒரு மாட்டின் டி.என்.ஏ.வைச் சோதித்தால் தெரியுமா?

பதில்: ஒப்பிட வேறு கூட்டம் இல்லாமல் தெரியாது. சோதனையில் பார்ப்பது குறிப்பான்களை; குறிப்பான் என்பது டி.என்.ஏ.வில் மாட்டுக்கு மாடு வேறுபடும் ஓர் இடம். ஒரே வடிவம் பல இனங்களிலும் இருக்கும். எந்தக் கூட்டத்தில் எவ்வளவு அதிகம் என்பதுதான் மாறும். மாடுகளுக்கென 30 மைக்ரோசாட்டிலைட் (சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும்) இடங்களை ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலுள்ள அசல் காங்கேயம், உம்பளாச்சேரி மாதிரிகளும் சேர வேண்டும். முக்கியமாக, ஒரே பொலிகாளையின் கன்றுகளை எடுக்காதீர்கள். உறவுக் கூட்டம் தனி இனம்போலக் காட்டிவிடும்.

மாணவர்: மாதிரிகளை டி.என்.ஏ. ஒற்றுமைப்படி குழுக்களாகப் பிரிக்கும் ஸ்ட்ரக்சர் மென்பொருளில் கே மூன்று வந்தது. மூன்று இனங்களா?

பதில்: இல்லை, தம்பி. கே என்பது எத்தனை குழுக்களாகப் பிரிக்கலாம் என்று நீங்கள் கொடுத்துப் பார்க்கும் எண். உங்கள் மாதிரியில் ஒரே காளையின் கன்றுகள் இருந்தால் அவையே ஒரு குழுவாகப் பிரிந்திருக்கும். அதை முதலில் பாருங்கள்.





பக்கத்து லயத்து அண்ணன்: உம்பளாச்சேரியேதான் ஐயா! கன்று சிவப்பாகப் பிறந்து பிறகு சாம்பல் நிறமாகிறது. கொம்பைச் சுட்டுவிடுவார்கள் என்று அப்பாவும் சொல்வார்.

பதில்: காங்கேயம் கன்றும் அப்படித்தான் நிறம் மாறும். கொம்பைச் சுடுவது மனிதர் வழக்கம், பிறவியில் வருவதில்லை. அதனால் இரண்டும் சான்றாகா.

மாட்டுக்காரர்: அப்படியானால் தாயிடமிருந்து மட்டும் வரும் தாய்வழி டி.என்.ஏ.வைப் பார்த்தால் முடிவாகாதா?

பதில்: ஆகாது. திமில் மாடுகளின் தாய்வழி மரபில் இரண்டே பெரும் கிளைகள். இரண்டும் இந்திய இனங்களில் பரவலாக உண்டு. மேலும், லோக்கல் இந்தியன் டெய்ரி என்று இங்கே சொல்லப்படும் மாடே பல இந்திய இனங்கள் கலந்தது. சினை ஊசி போட்ட இடங்களில் பிரீசியன் என்ற ஐரோப்பியக் கறவை இனமும் சேர்ந்திருக்கும். ஒரே பெயருக்குள் அதை அடைக்க முயல்வதால்தான் சண்டை. எந்த இனம் எவ்வளவு கலந்தது என்று கேளுங்கள்.

மாணவி: டி.என்.ஏ.வில் 50,000 இடங்களை ஒரே நேரத்தில் பார்க்கும் சில்லு (சிப்) அந்த 30 இடங்களைவிடச் சிறந்ததா?

பதில்: நுட்பமானது. ஆனால் அந்த இடங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய இனங்களை வைத்துத் தேர்ந்தவை. நம் மாட்டின் பன்மையைக் குறைத்துக் காட்டும்.

இன்னொருவர்: என் மாடு சுத்தமான இனமா?

பதில்: சுத்தமா என்று கேட்காமல், எந்த இனம் எவ்வளவு கலந்தது என்று கேளுங்கள் என மேலே சொல்லிவிட்டேன். படியுங்கள்.

பக்கத்து லயத்து அண்ணன்: என் மாடும் தம்பியின் மாடும் ஒரே காளைக்குப் பிறந்தவை. இரண்டையும் அனுப்பட்டுமா?

பதில்: வேண்டாம். ஒன்று போதும். மற்றவை வேறு தோட்டங்களிலிருந்து வரட்டும். சோதனைக்கு வால் மயிரை வேரோடு பிடுங்கி, காகித உறையில் உலர்வாக வையுங்கள்.