கழுவும் இடத்து பேரிங்: ஸ்டீலை மாற்றும் முன் சீலைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: தினமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் உணவுத் தொழிற்சாலை கன்வேயரில் பேரிங் இரண்டு மாதம்கூடத் தாங்குவதில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேரிங் போட்டால் பிரச்சினை தீருமா?

பாதி தீரும். மீதிப் பாதிக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் இறால் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் பதினான்கு வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். உப்பு, ஐஸ் தண்ணீர், நீராவி, குளோரின் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. எந்த ஸ்டீல் வாங்கலாம் என்று நானும் ரொம்ப நாள் விசாரித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது, போனது எவ்வளவு நேரம் அங்கேயே தங்குகிறது என்று பார்க்கத் தோன்றியது பிறகுதான்.

இறாலை வேகவைக்கும் ஸ்டீம் குக்கரின் வெளிவாய்ப் பக்கம் 30 மில்லிமீட்டர் ஷாஃப்ட், அதில் யூசி 206 பேரிங். ஆறேழு வாரத்தில் கத்த ஆரம்பித்துவிடும். கழற்றுவோம், புதுசு போடுவோம், பழசு ஸ்கிராப்புக்குப் போகும். ஒருநாள் பழசை மேஜையில் வைத்து, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் சீலை, அதாவது பக்கவாட்டு ரப்பர் மூடியை, நெம்பி எடுத்தேன். உள்ளே கிரீஸ் மோர் மாதிரி வெளுத்து நீர்த்திருந்தது. டீசலில் கழுவித் துடைத்தால், உள் ரேஸில், அதாவது குண்டுகள் உருளும் உள் வளையத்தில், பழுப்புத் தழும்புகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சம இடைவெளி. அளந்து பார்த்தேன், குண்டுக்குக் குண்டு எவ்வளவு தூரமோ அதே தூரம்.

ஓடும்போது கெட்டிருந்தால் தேய்மானம் வட்டம் முழுக்கப் பரவியிருக்கும். குண்டு நின்ற இடத்தில் மட்டும் தழும்பு என்றால், அந்த பேரிங் நிற்கும்போது கெட்டிருக்கிறது. இரவு பதினொரு மணிக்குக் கழுவி நிறுத்தினால் காலை ஆறு மணி வரை அசையாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் நாள் முழுக்க. உள்ளே போன தண்ணீர் குண்டும் ரேஸும் தொடும் இடத்தில் தங்கி அரிக்கும். மறுநாள் அந்தக் குழியின் மேல் குண்டு ஏறி இறங்கும். கத்தல் அங்கிருந்து தொடங்குகிறது.

சரி, தண்ணீர் எப்படிப் போனது? அன்றிரவு கழுவும் நேரத்தில் போய் நின்றேன். ஸ்டீம் வால்வை மூடிய ஐந்தாவது நிமிடம் பச்சைத் தண்ணீரை அடித்தார்கள். பேரிங் உட்கார்ந்திருக்கும் கூடான ஹவுசிங் கை வைக்க முடியாத சூடு. திடீரென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், அந்த இழுப்பில் சீலின் உதட்டு வழியாகத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். சீல் கிழிந்திருக்க வேண்டியதே இல்லை, புத்தம் புதிய சீலும் குடிக்கும். போதாததற்கு ஒரு சாண் தூரத்தில் நாசிலை வைத்து பேரிங்கையே குறிபார்த்து அடித்தார் ஒரு தம்பி. கறை போக வேண்டும் என்ற அக்கறைதான் அவருக்கு. ஆனால் சாதாரண சீல் தெறிப்புத் தண்ணீரைத் தடுக்கச் செய்தது, பிரஷர் வாஷரைத் தாங்காது.

ஒரு பைசா செலவில்லாமல் மூன்று பழக்கத்தை மாற்றினோம். ஹவுசிங்கில் கை வைக்க முடிகிற அளவு ஆறும் வரை அந்தப் பக்கம் தண்ணீர் கிடையாது. பேரிங்கைச் சுற்றி பிரஷர் நாசில் வேண்டாம், நுரையும் பிரஷும் போதும். கழுவி முடித்ததும் பெல்ட்டை வெறுமனே ஓடவிட்டு, சீல் ஓரத்தில் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை நிதானமாக அடித்து, இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். கிரீஸ் கன்னை வேகமாக அழுத்தினால் சீலே பிதுங்கி வெளியே வந்துவிடும், அதில் கவனம். அதே விலையில் வாங்கிய அதே சாதாரண பேரிங் ஐந்து மாதம் தாண்டி ஓடியது.

இப்போது ஸ்டீலுக்கு வருகிறேன். சாதாரண பேரிங் ஸ்டீலில் குரோமியம் சுமார் 1.5 சதவீதம்தான். அது துருவைத் தடுக்கப் போதாது. ஸ்டெயின்லெஸ் பேரிங்குகளில் பெரும்பாலும் வருவது 440சி என்ற ரகம், அதில் 16 முதல் 18 சதவீதம் குரோமியம். ஈரத்துக்கு நல்லது. ஆனால் பேரிங்குக்கு வேண்டிய கடினம் வருவதற்காக அதில் கார்பனும் 1 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. அதனால் 304, 316 ரக ஸ்டெயின்லெஸ் அளவுக்குத் துருவைத் தாங்காது. உப்புத் தண்ணீரும் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் மருந்தும் மேலேயே காய்ந்தால் 440சியிலும் புள்ளிபுள்ளியாகக் குழி விழும். எங்கள் உப்புத் தண்ணீர்த் தொட்டியருகே விழுந்தது. குளோரின் மருந்தைக் குறித்த நேரம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசிவிடுவது அதனால்தான் முக்கியம். சுமை தாங்கும் திறனும் சாதாரண ஸ்டீலைவிடக் கொஞ்சம் குறைவு. கன்வேயருக்கு இது பெரும்பாலும் பிரச்சினை இல்லை, பாரம் அதிகமுள்ள இடத்தில் கணக்குப் பார்த்துப் போடுங்கள்.

கடையில் வாங்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, காந்தம் ஒட்டுகிறது, இது போலி என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். 440சியில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். இரண்டு, 'எஸ்எஸ் பிளம்மர் பிளாக்' (ஹவுசிங்கும் பேரிங்கும் சேர்ந்த ஸ்டெயின்லெஸ் செட்) என்று கேட்டால் ஹவுசிங் மட்டும் ஸ்டெயின்லெஸாகவும் உள்ளே இருக்கும் பேரிங் சாதாரண ஸ்டீலாகவும் தருவது உண்டு. நானே இப்படி ஒரு செட் வாங்கி மாட்டியிருக்கிறேன். ஹவுசிங், பேரிங், ஷாஃப்டில் இறுக்கும் கிரப் ஸ்க்ரூ, கிரீஸ் அடிக்கும் நிப்பிள் ஒவ்வொன்றும் எந்த ஸ்டீல் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

பெயிண்ட் அடித்த காஸ்ட் அயர்ன் ஹவுசிங்கை உணவுக்கு மேலே வைக்கவே வைக்காதீர்கள், பெயிண்ட் உரிந்து விழும். ஸ்டெயின்லெஸோ பிளாஸ்டிக்கோ எதுவானாலும் அடிப்பக்கம் குழிவாக இல்லாமல் அடைத்ததாகப் பாருங்கள். குழிவான பிளாக்கை ஒருமுறை கழற்றி முகர்ந்து பார்த்தால் காரணம் புரியும். இறால் துணுக்கும் தண்ணீரும் தேங்கி அழுகும் இடம் அது. லிஸ்டீரியா மாதிரிக் கிருமிக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது, குளிரிலும் வளரும் கிருமி அது.

சீலில் மூன்று உதடு உள்ளதும், வெளியே உலோகத் தகடு சேர்ந்ததும் கிடைக்கும், கழுவும் இடத்துக்கு அதையே கேளுங்கள். ரப்பர் விஷயத்தில், விலை கூடியது எல்லாவற்றையும் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். வைட்டான் என்ற விலை கூடிய ரப்பர் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் நீராவிக்கும் சூடான காஸ்டிக் காரத்துக்கும் அதன் சாதாரண ரகங்கள் ஒத்துவராது. உங்கள் கழுவும் மருந்தின் பெயரைச் சொல்லி சப்ளையரிடம் கேட்டு வாங்குவதே சரி. கன்வேயர் மெதுவாகத்தான் சுற்றுகிறது என்பதால் உள்ளே இடம் விடாமல் கிரீஸ் நிரப்பிய பேரிங்கையும் போடலாம், தண்ணீருக்கு உட்கார இடம் இருக்காது. வேகமான மோட்டாரில் அப்படிச் செய்தால் சூடேறிப் போகும்.

கிரீஸ் எச்1 வகைதான், மாற்றுப் பேச்சு வேண்டாம். தற்செயலாக உணவில் பட்டாலும் ஏற்கத்தக்கது என்று பதிவான வகை அது. அப்படிப் பட்டாலும் உணவில் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. எச்1 கிரீஸிலேயே கால்சியம் சல்ஃபோனேட் வகை தண்ணீரில் சீக்கிரம் கழுவிப் போகாது, எங்களுக்கு அதுதான் ஒத்துவந்தது. பழைய லித்தியம் கிரீஸ் இருக்கும் பேரிங்கில் அப்படியே மேலே அடித்துவிடாதீர்கள், இரண்டும் சேராமல் இளகி ஒழுகலாம். கிரீஸ் கன்னையும் தனியாக வைத்து, வேறு நிறம் அடித்துவிடுங்கள்.

அப்புறம், சிலர் பேரிங்கே வேண்டாம், குண்டே இல்லாத வளையமான நைலான் புஷ் போடலாம் என்பார்கள். மெதுவான, லேசான இடத்துக்கு பிளாஸ்டிக் புஷ் நல்ல யோசனைதான். ஆனால் நைலான் தண்ணீர் குடித்து வீங்கும். நைலான் 6 அதன் எடையில் 9 சதவீதம் வரை குடிக்கும். ஸ்க்ரூ கன்வேயரில் அளவாகக் கடைந்து போட்ட புஷ் பத்து நாளில் ஷாஃப்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டது எங்களுக்கு. டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் போடுங்கள், வீக்கம் மிகக் குறைவு.

புது மெஷின் வாங்கும் நிலையில் இருந்தால், பேரிங்கை மெஷினின் பக்கச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி வெளியே வைத்துத் தரச் சொல்லுங்கள். உள்ளிருந்து கசிவது அந்த இடைவெளியில் தரையில் விழுந்துவிடும், பேரிங்குக்குப் போகாது. கசிவு கண்ணிலும் படும்.

இன்றைக்கு நீங்கள் கழற்றும் பேரிங்கை ஸ்கிராப்பில் போடாமல் திறந்து பாருங்கள். கிரீஸ் வெளுத்து, தழும்பு குண்டு இடைவெளியில் இருந்தால் கழுவும் முறையிலிருந்து தொடங்குங்கள். கிரீஸ் நிறம் மாறாமல், வெளி ரேஸில் தேய்மானத் தடம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாய்வாகப் போயிருந்தால் ஷாஃப்ட் நேராக இல்லை. அதற்கு ஸ்டெயின்லெஸ் வாங்கிப் பணத்தைப் போடாதீர்கள், முதலில் அலைன்மென்ட் பாருங்கள்.