பவர் டிரான்சிஸ்டர் என்றால் என்ன? ஆரம்பத்தில் அதைச் செய்வது ஏன் சிரமமாக இருந்தது?

ஸ்பீக்கர், மோட்டார் போன்றவற்றுக்குப் போகும் பல ஆம்பியர் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்தான் பவர் டிரான்சிஸ்டர். 1947-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த முதல் டிரான்சிஸ்டரால் அது முடியாது. ஜெர்மானியம் என்ற குறைகடத்தித் துண்டை இரண்டு நுண்முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் பாதை. 1950-களில், நுண்முனைகளுக்குப் பதில் குறைகடத்தியின் அடுக்குகளே ஒன்றையொன்று தொடும் சந்தி வகை வந்ததும் பரப்பைப் பெரிதாக்க முடிந்தது. கார் ரேடியோக்களில் ஜெர்மானிய பவர் டிரான்சிஸ்டர்கள் நுழைந்தன.

ஆனால் உண்மையான எதிரி சூடு. ஜெர்மானியம் சூடானால் கசிவு மின்னோட்டம் (அணைத்திருக்கும்போதும் கசிகிற மின்னோட்டம்) கூடும், அது மேலும் சூடாக்கும், அப்புறம் கசிவு இன்னும் கூடும். கடைசியில் சாதனமே போய்விடும். சுமார் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது தாங்காது. சிலிக்கான் 150-லும் தாங்கும். 1960-களில் அமெரிக்க நிறுவனமான ஆர்சிஏ கொண்டுவந்த சிலிக்கான் வகை 2என்3055 பிரபலமானதில் வியப்பில்லை. அதில் சூடு அதிகம் பிறக்கும் முனையான கலெக்டர் உலோக உறையோடே ஒட்டியிருக்கும். உறையை அலுமினியத் தகட்டில் திருகி வைப்பார்கள். சூடான காபியை டவராவில் ஊற்றி ஆற்றுகிறோமே, அதே சங்கதி: பரப்பு கூடினால் சூடு சீக்கிரம் இறங்கும்.

2என்3055-இன் விவரத்தாளில் உள்ள 115 வாட், ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் திறன் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, உறை 25 டிகிரியில் இருக்கும்போது டிரான்சிஸ்டர் தாங்கக்கூடிய வெப்பத்தின் அளவு அது.