சாக்ஸபோன் ஜாஸ் கேக்க ஆரம்பிக்க எந்த ஆல்பம் நல்லம்?

என்னைக் கேட்டா 'வைன்லைட்' தான். சாக்ஸ் கலைஞர் க்ரோவர் வாஷிங்டன் ஜூனியரோடது, 1980ல வந்தது, மொத்தமே ஆறு ட்ராக், பில் விதர்ஸ் பாடின 'ஜஸ்ட் த டூ ஒஃப் அஸ்' எங்கயாவது காதுல விழுந்திருக்கும், அது இதுல உள்ளது தான், 1981ல அமெரிக்காவோட பில்போர்ட் ஹிட் பாட்டு லிஸ்ட்ல ரெண்டாவது இடம் வரைக்கும் போச்சு. ஆனா எனக்கு அத விட மொதல் ட்ராக் தான் உயிர்.

மனுசன் அவசரமே படமாட்டாரு. ஒரு வரி ஊதிட்டு சும்மா விடுவாரு, அந்த எடவெளில மார்கஸ் மில்லரோட பேஸ் கிட்டார் பதில் சொல்லும், பின்னால ஸ்டீவ் கேட் வாசிக்குற ட்ரம்ஸ் அலட்டிக்காம போய்ட்டே இருக்கும். தோட்டத்து கோயில் திருவிழாவுல நாதஸ்வரம் கேட்டு வளந்த நம்மளுக்கு இது சுருக்கா புடிபடும், அதுல சீவாளி (வாயில வச்சு ஊதுற, அதிர்ற துண்டு) ரெட்டை நாக்கு, சாக்ஸ்ல ஒத்த நாக்கு, அந்த நாக்கு இருக்குறதால தான் உடம்பு பித்தளையா இருந்தும் புல்லாங்குழல், கிளாரினெட் குடும்பத்துல சேர்க்குறாங்க. ('லெட் இட் ஃப்ளோ' ஒரு பாஸ்கெட்பால் வீரருக்காக வாசிச்சது, டொக்டர் ஜே!)

இந்த மாதிரி மென்மையான ஜாஸ, அதாவது ஸ்மூத் ஜாஸ்னா, லிஃப்ட்ல போடுற பாட்டுன்னு நக்கலடிப்பாங்க, சில ஆல்பத்துக்கு அது சரி தான், இதுக்கு இல்ல. போன் ஸ்பீக்கர்ல மட்டும் கேக்காதீங்க, பேஸ் பாதி காணாம போயிரும். ஹட்டன் பக்கம் பின்னேரம் மிஸ்ட் எறங்குற நேரம், ஹெட்செட், ஒரு பிளேன்டி, போதும்.