லினக்ஸுக்கு ஒரு கோப்பு முறைமை எழுதுகிறேன். பூட்டுப் பிடித்துத்தானே நினைவகத்தை விடுவிக்கிறேன், அப்புறமும் அன்மவுண்டில் (அதைக் கழற்றும்போது) கேர்னல், அதாவது லினக்ஸின் மையப்பகுதி, ஏன் விழுகிறது?

கோடை நீங்கள் போடவில்லை, அதனால் ஊகித்துத்தான் சொல்கிறேன். புட் சூப்பருக்குள், அதாவது அன்மவுண்டில் கேர்னல் கூப்பிடும் பங்ஷனுக்குள், உங்கள் சூப்பர்பிளாக் தகவலை (கோப்பு முறைமை முழுவதற்குமான விவரத்தை) நேரடியாகக் கேஃப்ரீ செய்து உடனே விடுவித்திருப்பீர்கள். பூட்டில் பிழை இருக்காது. கோப்பின் பெயரைக் கொண்டு பாதை தேடிக்கொண்டு வருகிறவன் அந்தப் பூட்டைப் பார்ப்பதே இல்லை, அதுதான் சிக்கல்.

2011இல் வந்த லினக்ஸ் 2.6.38 தொடக்கம் பாதைத் தேடல் முதலில் ஆர்சியூ முறையில் ஓடிப் பார்க்கும் (RCU: வாசிப்பவர்கள் பூட்டில்லாமல் வாசிப்பார்கள், விடுவிப்பவர் அவர்கள் முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும்). பூட்டு எடுக்காது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணும் ரெஃபரன்ஸ் கவுண்டையும் கூட்டாது. இடையில் ஏதும் மாறியிருந்தால் மாற்றம் நடந்தால் கூடும் சீக்குவன்ஸ் எண்ணை வைத்துக் கண்டுபிடித்துப் பின்வாங்கும். ஆனால் பின்வாங்க முன்பே பெயர்களை ஒப்பிடும் உங்கள் டி கம்பேர் பங்ஷனுக்குள் புகுந்து, ஒப்பிடுவதற்கென்று வைத்திருந்து நீங்கள் விடுவித்துவிட்ட எழுத்து அட்டவணையை வாசித்திருக்கும்.

கொழும்பில் நான் முன்பு வேலை செய்த கொம்பனியில் ஒரு கருவிக்கென்று சொந்தமாக ஒரு கோப்பு முறைமை வைத்திருந்தார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பார்க்காதது. ஒரு பக்கம் மவுண்ட், அன்மவுண்ட் மாறி மாறி ஓட, மறுபக்கம் ஸ்டாட் (கோப்பின் விவரம் கேட்கும் கட்டளை) அடித்துக்கொண்டிருந்தால் எப்போதாவது விழும். ரேம் பழுது என்று சீனியர் முடிவு கட்டிவிட்டார், போர்ட்டைக்கூட மாற்றினார்கள். நான் நினைவகப் பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் ஸ்லப் டிபக்கைப் போட்டு ஓட்டினேன். விழுந்தபோது ஒரு ரெஜிஸ்டர் முழுக்க 6பி6பி6பி6பி (6b6b6b6b). விடுவித்த நினைவகத்தில் கேர்னலே நிரப்பி வைக்கும் நஞ்சு அது. பழுதான ரேம் இவ்வளவு ஒழுங்காகப் பழுதாகாது! இதைக் கூட்டத்தில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

திருத்தம் சின்னது. அட்டவணையையும் அதைச் சுமக்கும் கட்டமைப்பையும் ஒரே கால் ஆர்சியூ (call_rcu) கோல்பேக்கில், அதாவது வாசிப்பவர்கள் முடித்த பிறகு கேர்னல் ஓட்டும் பங்ஷனில், விட வேண்டும். வெறும் கேஃப்ரீ ஆர்சியூ போட்டால் வெளி உறை மட்டும்தான் தாமதமாகப் போகும், உள்ளே இருக்கும் அட்டவணையை நீங்களே கவனிக்க வேண்டும். கோல்பேக்குக்குள் தூங்கவும் முடியாது, எனவே டிஸ்க்கில் எழுதி முடிக்கிற வேலை எல்லாம் அதற்கு முன்பே. இனோடுக்கு (ஒரு கோப்பின் விவரத்தைச் சுமக்கும் கட்டமைப்புக்கு) லினக்ஸ் 5.2 முதல் ஃப்ரீ இனோட் என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. ஆர்சியூ காலம் கழிந்த பிறகுதான் அதைக் கூப்பிடுவார்கள்.

புதுப் பொடியன்கள் விடும் பிழை இது என்று யாராவது கீழே எழுத வருவீர்கள். 2024 தொடக்கத்தில் லினக்ஸின் கோப்பு முறைமைப் பகுதியைப் பராமரிக்கும் அல் வைரோ எக்ஸ்ஃபேட், ஹெச்எஃப்எஸ் பிளஸ் போன்ற கோப்பு முறைமைகளில் இதே வகைச் சிக்கலைத்தான் திருத்தினார். மெயின்லைனிலேயே, லினக்ஸின் முதன்மைக் கோடிலேயே, இருந்தது ஐயா. இப்படிப்பட்ட நினைவகப் பிழைகளைத் தடுக்கும் ரஸ்ட் மொழியில் எழுதச் சொல்லி வருபவர்களுக்கு: சரி, எழுதுங்கள்.

இந்தப் பதிலை எழுத உட்கார்ந்த நேரம் வெள்ளவத்தையில் மாமி ஒருவர் வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார், "கம்பியூட்டர் படிச்ச பிள்ளை, இன்னும் இஞ்சயோ?" 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் இப்போது ரொறன்ரோவில், அது எனக்கும் தெரியும். கேர்னல் வேலையை கொழும்புக் காலி வீதியில் இருந்தும் செய்யலாம் என்றால் யாரும் நம்புவதில்லை. கல்யாணத் தரகர் சுத்தமாக நம்புவதில்லை.

சரி, உங்கள் விசயம். மொடியூலாக (ஓடும் கேர்னலில் ஏற்றி இறக்கும் துண்டாக) ஏற்றுகிறீர்கள் என்றால், வெளியேறும் பங்ஷனில் கேமெம் கேஷை (உங்கள் கட்டமைப்புகளுக்கான நினைவகச் சேமிப்பை) அழிப்பதற்கு முன், வரிசையில் உள்ள கோல்பேக்குகள் ஓடி முடியும் வரை நிற்கும் ஆர்சியூ பேரியர் கட்டாயம். சிங்க்ரனைஸ் ஆர்சியூ போதாது. அது வாசிப்பவர்கள் முடிக்கும் வரைதான் நிற்கும், வரிசையில் கிடக்கும் கோல்பேக்குகள் ஓடி முடியும் வரை நிற்காது. மொடியூல் போன பிறகு கோல்பேக் ஓடினால் விழுகிற இடத்தில் உங்கள் பங்ஷனின் பெயர்கூட இராது. அதைத் தேடிப் பிடிக்க 6பியும் உதவாது.