அப்பாவின் பீரோவைக் காலி செய்யும் முன்

கேள்வி: என் அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் காலமானார். திருச்சி வீட்டில் இரண்டு இரும்பு பீரோக்களும் பரணும் முழுக்கக் காகிதங்கள். கீழ்த்தளத்தில் அண்ணன் எலெக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருக்கிறார். அந்தக் கணக்குக் கட்டுகளும் மாடிக்கு வந்துவிட்டன. அம்மா எதையும் தொட விடுவதில்லை. வீட்டை ஒழுங்குபடுத்தித் தரும் நிறுவனம் ஒன்றிலிருந்து வந்து பார்த்தார்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பென் டிரைவில் தருவார்களாம், காகிதங்களை அவர்களே எடுத்துப் போய்விடுவார்களாம், ஒரே நாள் வேலையாம். போகிக்குள் முடித்துவிடலாம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? அப்பாவின் டைரிகளை என்ன செய்வது?

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அது போனாலும் போகட்டும், காகிதங்கள் வீட்டை விட்டுப் போகக் கூடாது. வீடுகளையும் அலுவலகங்களையும் ஒழுங்குபடுத்திக் கொடுப்பதுதான் என் தொழிலும். இதில் நேர்மையாக உழைப்பவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் ‘காகிதத்தை நாங்களே எடுத்துப் போகிறோம்’ என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் எதற்குப் பயன்படும்? காகிதம் தொலைந்தால் அதன் எண்ணையும் தேதியையும் சொல்லி நகல் கேட்கப் பயன்படும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் பீரோவின் கீழ்த்தட்டு ஊறிப்போய், அரசு சிறப்பு முகாம் நடத்தி நகல் ஆவணங்கள் கொடுத்தது. தொலைந்த காகிதத்தின் எண் கையில் இருந்தவருக்கு அப்படிப்பட்ட நேரத்தில் பாதி வேலை குறையும். ஆகவே ஸ்கேன் செய்யுங்கள். ஆனால் ஸ்கேன் இருக்கிறதே என்று அசலை விட்டுவிட முடியாது. பத்திரப் பதிவிலும் வங்கிக் கடனிலும் அசலைத்தான் கேட்பார்கள். மத்திய அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் போட்டுவிட்டால் போதும் என்றும் சிலர் சொல்லித் தருகிறார்கள். அரசுத் துறையே டிஜிலாக்கர் வழியாக வழங்கும் ஓட்டுநர் உரிமம் போன்றவற்றுக்குத்தான் அசலுக்குச் சமமான மதிப்பு. நீங்களே படம் எடுத்து அதில் ஏற்றி வைத்த பத்திரம் வெறும் படம்தான்.

உங்கள் வீட்டில் முதலில் தேட வேண்டியது மூலப்பத்திரம். அப்பா பெயரில் உள்ள கிரயப் பத்திரம் கிடைத்ததும் பலர் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அவருக்கு விற்றவர் யாரிடம் வாங்கினார், அதற்கு முன் யாருடையது என்று பின்னோக்கிப் போகும் பத்திரங்கள் அத்தனையும் வேண்டும். பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், உயில், பவர் எல்லாம் இதில் சேரும். பட்டா, கட்டட அனுமதி வரைபடம், வீட்டுக் கடனை அடைத்ததற்கு வங்கி கொடுத்த கடிதம், பதிவு செய்த ரசீது ஆவணம் ஆகியவற்றையும் அதே உறையில் வையுங்கள். அசல் பத்திரம் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார், நாளிதழில் விளம்பரம், ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற சான்று, பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். அலைந்து நகல் வாங்கிய பிறகும், வாங்க வருகிறவர் ‘அசல் எங்கேயாவது அடமானத்தில் இருக்கிறதா?’ என்றுதான் கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் பத்திரத்தை ஒப்படைத்தே கடன் வாங்கலாம். முன்பின் தெரியாத நான்கு பேர் உங்கள் அப்பாவின் பத்திரத்தை வேனில் ஏற்றிப் போக ஏன் விடக் கூடாது என்பது இப்போது புரிந்திருக்கும்.

வீடுகள் காகிதத்தால் நிரம்புவதற்கு வீட்டில் இருப்பவர்களைக் குறை சொல்வதை நான் ஏற்பதில்லை. பட்டா வருவாய்த் துறையின் கணினியில் இருக்கிறது, வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்தில் இருக்கிறது, ஆதார் எல்லா இடத்திலும் இருக்கிறது. இருந்தும் ஒவ்வொரு மேஜையிலும் அதே காகிதத்தில் மூன்று நகல் கேட்கிறார்கள், பத்து வருடத்துக்கு முந்தைய ரசீதை ‘கொண்டு வாருங்கள் பார்க்கலாம்’ என்கிறார்கள். அப்படி ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்ட மனிதர் அதன் பிறகு மின் கட்டண ரசீதைக்கூடத் தூக்கிப் போட மாட்டார். உங்கள் அம்மா தொட விடாததற்கும் இதுதான் காரணமாக இருக்கும். அவரிடம் ‘குப்பை’ என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். ‘பென்ஷன் புத்தகத்தைப் பத்திரப்படுத்தலாம்’ என்று தொடங்குங்கள். குடும்ப ஓய்வூதியம் அவருடையது; அந்தப் புத்தகமும் அப்பாவின் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் அவர் சொல்லும் இடத்திலேயே இருக்கட்டும்.

பிரிப்பதற்கு உட்காரும்போது ஒரு தட்டை மட்டும் எடுத்து மேஜையில் கொட்டுங்கள். காலையில் ஒன்றரை மணி நேரம் போதும். முதல் சுற்றில் எதையும் வாசிக்க வேண்டாம். வாசித்தால் நகர மாட்டீர்கள். நிலம், பணம், ஆள், மற்றவை என்று நான்கு குவியல். ‘ஆள்’ என்றால் பிறப்பு, இறப்பு, பள்ளிச் சான்றிதழ், பணிப் பதிவேடு, பென்ஷன். தட்டில் விரித்திருக்கும் பழைய நாளிதழை எடுத்து அடியில் பாருங்கள்; பத்திரமாக இருக்கட்டும் என்று அதற்கடியில் வைத்துவிட்டு மறந்துபோகும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பழைய பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை உறைகள், பூஜை அறைப் படங்களின் பின்புறம் எதையும் உதறிப் பார்க்காமல் ஒதுக்காதீர்கள். துருப்பிடித்த குண்டூசி, ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அலுவலகக் கோப்புகளில் கட்டும் பருத்தி டேக்கால் கட்டுங்கள். லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள். பத்திரத்தை அது பாழாக்கும். கல்விச் சான்றிதழை வெளிநாட்டு வேலைக்காகச் சான்றொப்பத்துக்குக் கொண்டுபோனால் லேமினேட் செய்ததை வாங்க மறுப்பார்கள். கடை பில் பலவும் வெப்பத்தில் அச்சாகும் காகிதம். ஓரிரு வருடத்தில் எழுத்து மறைந்துவிடும். உத்தரவாதம் உள்ள பொருளின் பில்லை வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

எல்லோரும் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிடும் ஒரு காகிதத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1980களிலும் 90களிலும் அரசு ஊழியர்கள் பலர் புதுப் பங்கு வெளியீடுகளுக்கு விண்ணப்பித்தார்கள். அந்தப் பங்குச் சான்றிதழ்கள் தடித்த தாளில் வண்ண ஓரத்தோடு, ஏதோ பாராட்டுப் பத்திரம் போல இருக்கும். அதில் உள்ள கம்பெனியின் பெயரையே நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அது பெயர் மாறியிருக்கலாம், வேறொன்றோடு இணைந்திருக்கலாம், மூடியும் போயிருக்கலாம். மூடிப்போனது என்று உறுதியாகத் தெரியும்வரை தூக்கிப் போடாதீர்கள். 2019 ஏப்ரல் 1 முதல் பட்டியலிட்ட கம்பெனிகளின் காகிதப் பங்குகளை விற்கவோ பெயர் மாற்றவோ முடியாது, டீமேட் ஆக்கியே, அதாவது மின்னணுக் கணக்குக்கு மாற்றியே தீர வேண்டும். ஆனால் உரிமையாளர் இறந்தபின் வாரிசுக்கு மாற்றிக்கொள்ள அந்தத் தடை இல்லை. இதைச் சொல்லாமல் ‘இந்தப் பேப்பர் செல்லாது சார், நூறு ரூபாய் தருகிறேன்’ என்று வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். சான்றிதழில் உள்ள ஃபோலியோ எண்ணை (கம்பெனியின் பதிவேட்டில் அப்பாவுடைய கணக்கு எண்) குறித்துக்கொண்டு, கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு எழுதுங்கள். அவர் யார் என்பது கம்பெனியின் இணையதளத்திலும் ஆண்டறிக்கையிலும் இருக்கும். தொடர்ந்து 7 ஆண்டுகள் டிவிடெண்டு (கம்பெனி தரும் லாபத் தொகை) வாங்காமல் விட்டிருந்தால் அந்தப் பங்குகள் ஐ.இ.பி.எஃப். என்னும் மத்திய அரசின் நிதியத்துக்குப் போயிருக்கும். போனாலும் திரும்பக் கேட்கலாம். முதலில் கம்பெனியிடம் வாரிசு ஆவணங்களைக் கொடுத்து உரிமைக் கடிதம் வாங்க வேண்டும். பிறகு ஐ.இ.பி.எஃப்-5 என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. அசல் சான்றிதழையும் அனுப்ப வேண்டியிருக்கும். பென் டிரைவில் உள்ள படம் இங்கே செல்லாது.

மிகவும் சிக்கலாவது பெயர்தான். நாம் தலைப்பெழுத்து வைத்துப் பெயர் எழுதுகிறோம். படிவங்களோ குடும்பப் பெயர் கேட்கின்றன. சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும், பான் அட்டையில் தாத்தாவின் பெயர் முழுதாக விரிந்திருக்கும், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதம். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் பாரம் குடும்பத்தின் தலையில் விழுகிறது. இத்தனை ஆண்டுகளாகத் தமிழர்கள் இப்படித்தான் பெயர் எழுதுகிறார்கள் என்பது படிவம் அச்சடிப்பவர்களுக்கு இன்னும் எட்டவில்லை. ஆகவே அப்பாவின் பெயர் இரண்டு விதமாகவும் வரும் எந்தக் காகிதத்தையும், பழைய அடையாள அட்டையாக இருந்தாலும், ‘ஆள்’ உறையிலேயே வையுங்கள்.

இந்த இடத்தில்தான் தரகர்கள் நுழைவார்கள். எங்கிருந்தோ பெயரைத் தெரிந்துகொண்டு போன் செய்வார்கள்: ‘உங்கள் அப்பா பெயரில் பல லட்சம் பங்கு முடங்கியிருக்கிறது, கிடைப்பதில் நான்கில் ஒரு பங்கு எங்களுக்கு.’ வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள், அசலைக் கூரியரில் அனுப்பச் சொல்வார்கள். எதுவும் செய்யாதீர்கள். ஒவ்வொரு கம்பெனியிலும் இதற்கென்றே ஒரு பொறுப்பு அதிகாரி இருக்கிறார். அவருக்கு மின்னஞ்சல் எழுத யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை. வைப்புத்தொகை ரசீது கிடைத்தாலும் இப்படியே. பத்து ஆண்டு தொடாத பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும், ஆனால் உரிமை அழியாது. ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய ‘உத்கம்’ இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு அந்த வங்கிக் கிளைக்கே நேராகப் போங்கள்.

இன்னொரு வகை ஆட்களும் உண்டு. ‘கூலி வேண்டாம், இடத்தைக் காலி செய்து தருகிறோம்’ என்பார்கள். பரணில் இருக்கும் வெண்கல உருளியும் பித்தளைக் குத்துவிளக்கும் தேக்குப் பெட்டியும்தான் அவர்கள் கூலி. உங்கள் வீட்டை ஒழுங்குபடுத்த வருகிறவரே நீங்கள் கழிப்பதை வாங்கிக்கொள்கிறவராகவும் இருக்கக் கூடாது. எதையும் பிரிக்கும் முன்பே அலமாரியும் பிளாஸ்டிக் டப்பாவும் விற்கப் பார்க்கிறவரையும் நம்பாதீர்கள். அதில் அவருக்குக் கமிஷன் இருக்கும். பிரித்து முடித்தால் இருக்கும் பீரோவிலேயே ஒரு தட்டு காலியாகும். உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் மணிக்கணக்கிலோ நாள் கணக்கிலோ கூலி பேசி, உங்கள் கண் எதிரே வேலை செய்கிறவரை வையுங்கள். காகிதம் வெளியே போகாது, படம் எடுக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

அண்ணனின் கடைக் கணக்கு எளிது. ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டுப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். நான் எல்லோருக்கும் எட்டு ஆண்டு என்றே சொல்கிறேன். வருமான வரிக்கும் அது போதும். ஆண்டுக்கு ஒரு அட்டைப் பெட்டி, மேலே ஆண்டும் ‘கழிக்கும் ஆண்டும்’ பெரிதாக எழுதி கடையிலேயே வைக்கட்டும். மாடிக்கு ஏற்ற வேண்டாம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எப்படியும் கடையைத் துடைக்கிறார்கள், அன்றைக்கு ஒரு பெட்டி வெளியேறட்டும்.

கழிப்பதில் போகி அவசரம் வேண்டாம். புகை ஒரு பக்கம் இருக்க, இருட்டு விலகாத காலையில் கட்டோடு தூக்கிப் போடும்போது என்ன எரிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பழைய பேப்பர் கடைக்குப் போடும் வங்கி அறிக்கை, கணக்கு எண்ணும் கையெழுத்துமாக பஜ்ஜி மடிக்கும் தாளாகத் திரும்பி வரும். பெயர், எண், கையெழுத்து உள்ளவற்றை வாளித் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்துக் காலையில் கையால் பிசைந்துவிட்டால் போதும், கூழாகிவிடும். நாளிதழ், வார இதழ், கடை விளம்பரம் ஆகியவற்றை மட்டும் எடைக்குப் போடுங்கள். இனிமேல் யாராவது ஆதார் நகல் கேட்டால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். வீட்டில் கிடக்கும் முழு ஆதார் நகல்களை வாளிக்கே அனுப்புங்கள்.

டைரிகளை இப்போதைக்கு எதுவும் செய்யாதீர்கள். அரசு வேலையில் இருந்தவர்களின் டைரியில் கடன் கொடுத்தது, வாங்கியது, எல்.ஐ.சி. பாலிசி எண், மனைக்குக் கட்டிய தவணை எல்லாம் இருக்கும். பத்திரமும் பங்கும் வைப்புத்தொகையும் கைக்கு வரும்வரை அவைதான் உங்களுக்கு வழி சொல்லும். ஆண்டு வரிசையில் அடுக்கி, எண்ணோ தொகையோ உள்ள பக்கங்களில் ஒரு காகிதத் துண்டு செருகி, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். பிறகு அவற்றை யார் வைத்துக்கொள்வது என்பதை நீங்களும் அண்ணனும் அம்மாவோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.